கருனியின் சாவிக்கொத்து: லினக்ஸ் இயங்குதளத்தில் பாதுகாப்புச் சாவி மேலாண்மையும் அதன் ஆவண மரபும் (2004–2020)

ஆய்வுச் சுருக்கம்

பயனர்களின் அனுமதிச் சீட்டுகளையும் மறையாக்கச் சாவிகளையும் தன்னிடமே வைத்துப் பேணும் சேவை ஒன்றை லினக்ஸ் கருனி 2004ஆம் ஆண்டின் இறுதியில் பெற்றது. 'சாவி பேணும் சேவை' என்னும் பெயரில் ஆவணப்படுத்தப்பட்ட இவ்வமைப்பு, இன்று வலையமைப்புக் கோப்பு முறைமைகள், வட்டு மறையாக்கம், கருனிக் கூறுகளின் கையொப்பச் சரிபார்ப்பு முதலிய பல பணிகளுக்கு அடித்தளமாக உள்ளது. இச்சேவையின் தோற்றப் பின்னணி, அமைப்பு, அதனை விளக்கிய ஆவணங்களின் வளர்ச்சி, அவ்வமைப்பு எதிர்கொண்ட சோதனைகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 'சாவி யாருக்கு உரியது' என்னும் வினாவிலிருந்து 'சாவி யார் கைவசம் இருக்கிறது' என்னும் வினாவுக்கு நகர்ந்ததே இவ்வமைப்பின் கருத்தியல் பங்களிப்பு என்பதும், பிற்காலச் சிக்கல்களுள் முதன்மையானவை இவ்விரு வினாக்களும் மயங்கிய இடங்களில் தோன்றியவை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

முதன்மைச் சொற்கள்: லினக்ஸ் கருனி, சாவிக்கொத்து, கைவசம், கெர்பரோஸ், மறையாக்கம், மென்பொருள் ஆவண வரலாறு

1. முன்னுரை

மென்பொருள் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவோ கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. ஒரு மென்பொருளின் உள்ளுறுப்பு எந்தத் தேவையால் பிறந்தது, எந்தச் சொற்களால் விளக்கப்பட்டது, அவ்விளக்கம் நடைமுறையோடு எங்கே முரண்பட்டது என்பன குறைவாகவே ஆராயப்படுகின்றன. தமிழில் இத்தகைய ஆய்வுகள் அரியவை. லினக்ஸ் கருனியின் வளர்ச்சி முழுவதும் பொதுவெளியில் நிகழ்ந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் தேதியோடும் காரணத்தோடும் பதிவாகியுள்ளது. ஆகவே அது வரலாற்று ஆய்வுக்கு மிகவும் இணக்கமான சான்றுத் தொகுதியாகும்.

கலைச்சொற்கள் குறித்து ஒரு விளக்கம் தேவை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், தமிழ்க் கணிமை வழக்கையொட்டி இங்குக் 'கருனி' எனப்படுகிறது. பூட்டைத் திறப்பதற்குத் 'திறவுகோல்' என்னும் பழஞ்சொல் உண்டு. எனினும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்து தமிழில் நிலைபெற்ற 'சாவி' என்பதே இங்குக் கையாளப்படுகிறது. பல சாவிகளை ஒன்றாகக் கோத்து வைப்பதைக் குறிக்கும் 'சாவிக்கொத்து' என்னும் வழக்குச் சொல், நாம் ஆராயவிருக்கும் அமைப்புக்கு மிகப் பொருத்தமாக அமைவதே இத்தேர்வுக்குக் காரணம்.

2. பின்னணி: பயனர் எண்ணும் அதன் போதாமையும்

யுனிக்ஸ் மரபில் ஒரு செயல்முறைக்கு என்ன செய்ய உரிமை உண்டு என்பதைப் பயனர் எண்ணும் குழு எண்ணும் தீர்மானிக்கின்றன. ஒரே கணினிக்குள் இம்முறை போதுமானது. தொலைவிலுள்ள வழங்கியில் ஒரு கோப்பைப் படிக்க வேண்டிய நிலையில் இது போதாது. உள்ளூர்க் கணினி தரும் எண்ணை வழங்கி நம்புவதற்கு அடிப்படை ஏதுமில்லை. பயனர் தம்மை மெய்ப்பிக்கும் சான்று ஒன்றை முன்வைக்க வேண்டும்.

1980களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் உருவான கெர்பரோஸ் முறை இத்தகைய சான்றுகளைக் காலவரையறை உடைய அனுமதிச் சீட்டுகளாக வழங்கியது. இச்சீட்டுகள் வழக்கமாகத் தற்காலிகக் கோப்பகத்தில், பயனர் எண்ணைப் பெயரில் தாங்கிய கோப்பு ஒன்றில் வைக்கப்பட்டன. இவ்வேற்பாட்டில் இரண்டு குறைகள் இருந்தன. பயனர் வெளியேறிய பின்னரும் கோப்பு எஞ்சி நிற்கக்கூடும் என்பது முதலாவது. கோப்பு முறைமையின் நிரல் கருனிக்குள் இயங்க, அதற்குத் தேவையான சீட்டு வெளியே ஒரு கோப்பில் கிடப்பது இரண்டாவது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஃப்எஸ் கோப்பு முறைமை இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. ஒரே பயனர் இருவேறு அமர்வுகளில் இருவேறு சான்றுகளோடு இயங்கலாம் என்பதை அது ஏற்றது. ஓர் அமர்வைச் சேர்ந்த செயல்முறைகளை 'மெய்ப்பிப்புக் குழு'வாகக் கருதியது. ஆனால் அக்குழுவின் அடையாளத்தைப் பதிய யுனிக்ஸில் இடமில்லை. ஆகவே செயல்முறையின் துணைக் குழுப் பட்டியலில் சிறப்பு எண்களைச் செருகி அவ்வடையாளத்தை மறைத்து வைத்தது. குழு எண் என்பது வேறொரு பொருளுக்காக ஏற்பட்டது. அதனை இரவல் வாங்கியே இம்முறை இயங்கியது. முறைமை அழைப்புகளின் அட்டவணையை வெளிக்கூறுகள் மாற்றியமைக்கும் வழி 2.6 வரிசையில் அடைபட்டபின், இந்த இரவல் ஏற்பாட்டைத் தொடர்வதும் கடினமாயிற்று.

பயனர் எண்ணுக்கும் செயல்முறைக்கும் இடைப்பட்டதாக, அமர்வு சார்ந்த ஒரு சேமிப்பிடம் கருனிக்குத் தேவைப்பட்டது என்பதே இவ்விரு முயற்சிகளும் காட்டும் உண்மை.

3. 2004: சேவையின் தோற்றமும் அமைப்பும்

ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹோவெல்ஸ், கருனிக்குள்ளேயே இயங்கும் ஏஎஃப்எஸ் நிரலையும் எழுதி வந்தவர். அவர் உருவாக்கிய சாவி பேணும் சேவை, 2004 டிசம்பர் 24 அன்று வெளியான 2.6.10ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வலையமைப்புக் கோப்பு முறைமை ஒன்றின் தேவையை நேரில் அறிந்தவரே பொதுச் சேவையையும் வடிவமைத்தார் என்பது கருதத்தக்கது.

இவ்வமைப்பில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரிசை எண், வகை, விவரிப்பு, உள்ளடக்கம், உரியவரின் பயனர் எண், குழு எண், அனுமதிகள், காலாவதி நேரம் ஆகியவை உண்டு. உள்ளடக்கம் என்பது அனுமதிச் சீட்டாகவோ கடவுச்சொல்லாகவோ மறையாக்க எண் தொடராகவோ இருக்கலாம். சாவிக்கொத்தும் ஒரு சாவியே. அதன் உள்ளடக்கம் பிற சாவிகளை நோக்கிய இணைப்புகள். ஒரு கொத்துக்குள் இன்னொரு கொத்து அமையலாம். தேடல் முடிவின்றி நீளாதவாறு ஆறு அடுக்குகள் வரை மட்டுமே அது உள்நுழையும்.

பயனர் நிரல்கள் இச்சேவையை அணுக மூன்று முறைமை அழைப்புகள் ஏற்பட்டன. சாவியைச் சேர்ப்பது 'ஆட்-கீ'. சாவியைத் தேடிப் பெறுவது 'ரிக்வெஸ்ட்-கீ'. பிற செயல்கள் அனைத்தையும் நிகழ்த்துவது 'கீ-சிடிஎல்'.

கொத்துகளின் வாழ்நாள் வேறுபாடே அமைப்பின் நுட்பமான பகுதி. இழைக்குரிய கொத்து அந்த இழையோடு முடியும். செயல்முறைக்குரிய கொத்து, அச்செயல்முறை புதிய நிரல் ஒன்றை ஏற்றும்போது நீங்கும். அமர்வுக்குரிய கொத்து பிள்ளைச் செயல்முறைகளுக்கு மரபுரிமையாகச் செல்லும். புதிய நிரல் ஏற்றப்பட்டாலும் நிலைக்கும். பயனருக்குரிய கொத்து, ஒரு பயனர் எண்ணுக்கு ஒன்றாக, அப்பயனரின் எல்லாச் செயல்முறைகளுக்கும் பொதுவாக நிற்கும். தேடல் இழைக் கொத்தில் தொடங்கிச் செயல்முறைக் கொத்து, அமர்வுக் கொத்து என்னும் வரிசையில் நிகழும். ஏஎஃப்எஸ் இரவல் எண்களால் சாதிக்க முயன்றதை அமர்வுக் கொத்து நேரடியாகச் சாதித்தது. பின்னர் ஓப்பன் ஏஎஃப்எஸ் நிரலும் தன் மெய்ப்பிப்புக் குழுவைப் பதியக் கருனியின் சாவிக்கொத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது.

குழு எண்ணுக்குரிய கொத்துக்கும் தலைப்புக் கோப்பில் ஓர் அடையாள எண் ஒதுக்கப்பட்டது. அக்கொத்து நடைமுறைக்கு வரவில்லை. அவ்வெண்ணைத் தந்து அழைத்தால் கருனி பிழையையே திருப்பி அளிக்கும். இன்னும் ஆதரிக்கப்படவில்லை என்னும் குறிப்பு மட்டும் மூல நிரலில் நின்றது. வடிவமைப்பாளர் எண்ணியதற்கும் நிறைவேறியதற்கும் இடையிலான வேறுபாட்டுக்கு அது ஒரு சான்று.

4. 2005: உரிமையிலிருந்து கைவசத்துக்கு

தொடக்க அமைப்பில் அனுமதிகள், கோப்புகளில் உள்ளவாறே, உரியவர், குழு, பிறர் என மூன்று பிரிவாக இருந்தன. 2005இல் வெளியான 2.6.14ஆம் பதிப்பில் நான்காவது பிரிவு ஒன்று சேர்ந்தது. அதுவே 'கைவசம் வைத்திருப்பவர்' என்னும் பிரிவு.

இதன் பொருள் ஆழமானது. ஒரு செயல்முறை தன் இழை, செயல்முறை, அமர்வுக் கொத்துகளிலிருந்து தொடங்கித் தேடும் அனுமதியுள்ள இணைப்புகள் வழியே ஒரு சாவியை அடைய முடியுமானால், அச்சாவி அதன் கைவசம் உள்ளதாகக் கொள்ளப்படும். அதற்குரிய அனுமதிகள், பயனர் எண் வழிக் கிடைக்கும் அனுமதிகளோடு கூட்டிக் கணக்கிடப்படும். ஆகவே ஒரே பயனரின் இரு செயல்முறைகளுள் ஒன்று ஒரு சாவியைப் படிக்கலாம். மற்றொன்று படிக்க இயலாமல் போகலாம். வேறொருவருக்கு உரிய சாவியும் இணைப்பு வழியே ஒருவர் கைவசம் வரலாம். வீட்டுக்கு உரியவர் ஒருவர், சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் இன்னொருவர் என்னும் நடைமுறை உண்மையை இயங்குதளம் ஏற்றுக்கொண்ட தருணம் இது.

பார்த்தல், படித்தல், எழுதுதல், தேடுதல், இணைத்தல், பண்புகளை மாற்றுதல் என அனுமதிகள் ஆறாக வகுக்கப்பட்டுள்ளன. சாவி இருப்பதை அறிவது வேறு, அதன் உள்ளடக்கத்தைப் படிப்பது வேறு, அதனைத் தேடிக் கண்டு பயன்படுத்துவது வேறு என்னும் பிரிப்பு இதில் வெளிப்படுகிறது.

அதே ஆண்டில் 2.6.13ஆம் பதிப்பில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. தேடப்படும் சாவி எந்தக் கொத்திலும் இல்லையெனில், கருனி பயனர் வெளியிலுள்ள உதவி நிரல் ஒன்றை அழைத்து அச்சாவியைத் தருவிக்கும். அவ்வுதவி நிரல் யார் பொருட்டு, எந்த அதிகாரத்தால் செயற்படுகிறது என்னும் வினா எழுந்தது. இதற்கு விடையாக 'அதிகாரச் சாவி' என்னும் சிறப்புச் சாவி அறிமுகமாயிற்று. கருனி முதலில் உள்ளடக்கமற்ற வெற்றுச் சாவி ஒன்றைப் படைக்கும். அவ்வெற்றுச் சாவியை நிரப்பும் உரிமையைக் குறிக்கும் அதிகாரச் சாவியை உதவி நிரலின் அமர்வுக் கொத்தில் வைக்கும். உதவி நிரல் தன் பணியை முடித்ததும் அவ்வதிகாரம் முடிவுறும். சாவியைத் தருவிக்க இயலவில்லையெனில் 'எதிர்மறைச் சாவி' ஒன்று குறுகிய காலத்துக்கு இடப்படும். இல்லாத ஒன்றைத் தேடி உதவி நிரலை மீண்டும் மீண்டும் அழைப்பதை அது தடுக்கும். அதிகாரத்தையும் இன்மையையும்கூடச் சாவியாகவே எழுதிய இவ்வணுகுமுறை, அமைப்பின் உள்ளொருமையைக் காட்டுகிறது.

5. ஆவண மரபு: மூன்று வாசகர், மூன்று நூல்கள்

இச்சேவையை விளக்கும் ஆவணம், கருனியின் மூல நிரலோடு ஒரே தொகுப்பில், எளிய உரைக் கோப்பாக வெளியானது. சாவி என்பதன் வரையறை, அனுமதிகள், ப்ராக் கோப்பு முறைமையில் தோன்றும் பட்டியல்கள், முறைமை அழைப்புகள், கருனிக்குள் இருக்கும் பிற பகுதிகளுக்கான சேவைகள், புதிய சாவி வகையை வரையறுக்கும் முறை என அதன் இயல்கள் அமைந்தன. சாவியைத் தருவிக்கும் முறைக்குத் தனி ஆவணம் ஒன்றும் எழுந்தது.

இவ்வாவணத்தின் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் உள்ளன. எழுதியவர் நிரலையும் எழுதியவர். ஆகவே செய்திகள் துல்லியமானவை. ஆனால் பயனர் நிரல் எழுதுபவருக்கும் கருனி நிரல் எழுதுபவருக்கும் ஒரே கோப்பு பேசுகிறது. 'எந்தக் கொத்தை எப்போது பயன்படுத்த வேண்டும்' என்னும் வினாவோடு வருபவர், முழு ஆவணத்தையும் படித்துத் தாமே விடையைக் கோக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் கட்டம் கையேட்டுப் பக்கங்களுடையது. முறைமை அழைப்புகளுக்கான பக்கங்களை ஹோவெல்ஸ் முதலில் எழுதினார். 'ஆட்-கீ', 'ரிக்வெஸ்ட்-கீ' பக்கங்களில் 2006ஆம் ஆண்டின் பதிப்புரிமைக் குறிப்பு உள்ளது. கொத்துகளின் பொதுக் கோட்பாட்டை விளக்கும் பக்கம் 2014ஆம் ஆண்டின் குறிப்பைத் தாங்குகிறது. இவற்றை 2016இல் கையேட்டுத் திட்டத்தின் அப்போதைய பராமரிப்பாளர் மைக்கேல் கெரிஸ்க் பெரிதும் விரித்தெழுதினார். 'கீ-சிடிஎல்' பக்கத்தின் விரிவாக்கத்தில் யூஜீன் சிரோமியாத்னிக்கோவும் பங்கேற்றார். இழை, செயல்முறை, அமர்வு, பயனர், பயனர் அமர்வு, நிலைத்த கொத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் அமைந்தது. ஒவ்வொரு கொத்தும் எப்போது தோன்றும், எப்போது அழியும், யாருக்கு மரபுரிமையாகும் என்பவை அவற்றில் தனித்தனியே கூறப்பட்டன. சேவை தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில் நிகழ்ந்த விரிவாக்கம் இது.

மூன்றாம் கட்டம் கருனி ஆவணங்களின் மறுசீரமைப்பு. சாவி ஆவணங்கள் 2011இல் பாதுகாப்புக்கான தனிக் கோப்பகத்துக்கு மாற்றப்பட்டன. 2016இல் வெளியான 4.8ஆம் பதிப்பிலிருந்து ஸ்ஃபிங்க்ஸ் கருவி வழியே ஆவணங்களை வடிவமைக்கும் முறை தொடங்கியது. 2017இல் கீஸ் குக் சாவி ஆவணத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றினார். உரையின் உடல் பெரிதும் மாறவில்லை. அதனைச் சென்றடையும் வழி மாறியது. தனித்து நின்ற கோப்பு, ஒரு நூலின் இயலாயிற்று.

6. சாவி வகைகளில் புலப்படும் வரலாறு

சாவி வகைகளின் வரிசையை நோக்கினால் இரகசியம் பற்றிய கருத்து எவ்வாறு மாறியது என்பது புலனாகும். தொடக்கத்திலிருந்த 'யூசர்' வகையின் உள்ளடக்கம் 32,767 பைட்டுகள் வரை இருக்கலாம். உரிய அனுமதி உள்ள எந்தப் பயனர் நிரலும் அதனைத் திரும்பப் படிக்கலாம். இங்குக் கருனி ஒரு பெட்டகம். வைத்ததை வைத்தவருக்கே திருப்பித் தரும்.

2011இல் வெளியான 2.6.38ஆம் பதிப்பில் 'நம்பகச் சாவி', 'மறையாக்கச் சாவி' என்னும் இரு வகைகள் சேர்ந்தன. ஐபிஎம் நிறுவனத்தின் மிமி ஜோஹரும் டேவிட் சாஃபோர்டும் இப்பணியில் ஈடுபட்டனர். இச்சாவிகள் கருனிக்குள்ளேயே உருவாகும். பயனர் வெளிக்கு அவற்றின் மறையாக்கப்பட்ட வடிவமே தெரியும். நம்பகச் சாவியை டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு முத்திரையிட்டுக் காக்கும். 2012இல் 3.3ஆம் பதிப்பில் வந்த 'லாகான்' வகை, பயனர் வெளியிலிருந்து எழுதக்கூடியது; ஆனால் அங்கிருந்து படிக்க இயலாதது. 'வைத்தவரே திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பயன்பட்டால் போதும்' என்னும் கொள்கை இவற்றில் நிலைபெற்றது.

2012 டிசம்பரில் வெளியான 3.7ஆம் பதிப்பு மற்றொரு திருப்பம். இணைச்சாவி முறைக்கான வகையும், கருனிக் கூறுகளின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வசதியும் அதில் இடம்பெற்றன. அதுவரை கருனி பிறர் சாவிகளைப் பேணியது. இப்போது தனக்கென்றே சாவிகளை வைத்துக்கொண்டு, எந்தக் கூறைத் தன்னுள் அனுமதிப்பது என்பதை அவற்றால் தீர்மானிக்கத் தொடங்கியது. இத்தகைய கொத்துகளின் பெயர்கள் புள்ளியில் தொடங்கும். அவ்வாறு தொடங்கும் பெயரில் பயனர்கள் கொத்து அமைக்க இயலாது. காவலாளே வீட்டுக்காரருமான நிலை இது. பயனர் எண்ணும் அமர்வும் இங்குப் பொருளிழக்கின்றன. ஏற்கெனவே நம்பப்பட்ட சாவியின் கையொப்பமே புதிய சாவிக்கு நுழைவுரிமை தருகிறது.

2014 ஜனவரியில் வெளியான 3.13ஆம் பதிப்பில் நிலைத்த கொத்து வந்தது. பயனர் வெளியேறிய பின்னரும் அவர் சார்பாக இயங்கும் பின்னணிப் பணிகளுக்குக் கெர்பரோஸ் சீட்டுகள் தேவைப்படுவதே இதன் காரணம். இயல்பமைப்பில் மூன்று நாள் அணுகப்படாதிருந்தால் அது காலாவதியாகும். வெளியேறிய பின்னும் கோப்பு எஞ்சி நிற்பது பழைய முறையின் குறை என முன்னர்க் கண்டோம். அந்த எஞ்சுதலே இங்கு எல்லை வகுக்கப்பட்ட வசதியாகத் திரும்பி வந்தது.

7. மூன்று சோதனைகள்

7.1 எண்ணிக்கையின் பிழை

2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், சாவி சேவையில் இருந்த பிழையொன்றை வெளிப்படுத்தியது. அது சிவிஇ-2016-0728 எனப் பதிவாகியுள்ளது. அமர்வுக் கொத்தைப் பெயர் சொல்லி மாற்றும் செயலில் இப்பிழை இருந்தது. ஒரு செயல்முறை தான் ஏற்கெனவே வைத்திருக்கும் கொத்தையே மீண்டும் கேட்டால், அக்கொத்தின் சுட்டு எண்ணிக்கை ஒன்று கூடும், ஆனால் குறையாது. இதனையே திரும்பத் திரும்பச் செய்தால் 32 பிட் எண்ணிக்கை நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். கொத்தை யாரும் பயன்படுத்தவில்லை எனக் கருதிக் கருனி அதனை அழிக்கும். அழிந்த நினைவகத்தை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் செயல்முறை, அவ்விடத்தைத் தன் நோக்கத்துக்கு நிரப்பி உயர் அதிகாரத்தைப் பெறலாம். எண்ணிக்கையை நிரப்பச் சாதாரணக் கணினியில் ஏறத்தாழ அரை மணி நேரம் தேவைப்பட்டது.

இப்பிழை 2013இல் வெளியான 3.8ஆம் பதிப்பிலிருந்தே இருந்தது. திருத்தமோ சுட்டை விடுவிக்கும் சிறு சேர்க்கையே. அச்செயலின் விளைவை ஆவணம் சரியாகவே கூறியது. ஆனால் எடுத்த சுட்டைத் திருப்பி விட வேண்டும் என்னும் விதி ஆவணத்தில் எழுதப்படுவதாலும் நிரலாளர் நினைவில் வைப்பதாலும் மட்டுமே காக்கப்படுவதன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று. 2017இல் 4.11ஆம் பதிப்பில், நிரம்பினாலும் சுழியத்துக்குத் திரும்பாத தனி எண்ணிக்கை வகை அறிமுகமானது. சாவிகளின் எண்ணிக்கையும் அவ்வகைக்கு மாற்றப்பட்டது. அவ்விதியை மீறுவதன் கேட்டை நிரலின் தரவு வகையே இவ்வாறு கட்டுப்படுத்தலாயிற்று.

7.2 கோப்பின் பூட்டும் அமர்வின் சாவியும்

2015இல் வெளியான 4.1ஆம் பதிப்பில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கோப்பகங்களை மறையாக்கும் வசதியைப் பெற்றது. மறையாக்கச் சாவி, செயல்முறைக்கு எட்டும் கொத்தொன்றில் 'லாகான்' வகையாக வைக்கப்பட்டது. இங்கு இரு கோட்பாடுகள் மோதின. சாவி ஒரு செயல்முறையின் கைவசம் இருப்பது. இன்னொன்றின் கைவசம் இல்லாதிருக்கலாம். ஆனால் கோப்பு திறந்ததா பூட்டியதா என்பது கணினி முழுமைக்கும் பொதுவான நிலை. ஒரு செயல்முறை சாவியால் திறந்த கோப்பு, சாவியில்லாத இன்னொன்றுக்கும் திறந்தே தோன்றும். வேறு பயனர் எண்ணில் இயங்கும் கட்டளையோ, தனக்குத் தேவையான கோப்பைத் திறக்க இயலாமல் திகைக்கும்.

2019 நவம்பரில் வெளியான 5.4ஆம் பதிப்பில் எரிக் பிக்கர்ஸ் இதற்குத் தீர்வு கண்டார். சாவியைச் செயல்முறையின் கொத்தில் வைக்காமல் கோப்பு முறைமையிடமே நேரடியாகச் சேர்க்கவும் நீக்கவும் புதிய கட்டளைகள் ஏற்பட்டன. பழைய முறை ஏன் பொருந்தவில்லை என்பதையும் அப்பகுதிக்கான ஆவணம் வெளிப்படையாக விளக்குகிறது. ஒரு வசதியைப் பயன்படுத்தும் முறையோடு, அது பொருந்தாத இடத்தையும் சொல்லும் ஆவணம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது.

7.3 பெயர்வெளியும் திரும்பப் பெறப்பட்ட மாற்றமும்

கண்டெய்னர்கள் பரவியபோது மற்றொரு வினா எழுந்தது. கண்டெய்னர் தனிக் கணினி போலத் தோன்றினும் கருனி ஒன்றே. சாவிக்கொத்துகள் பெயர்வெளிகளால் பிரிக்கப்படாதிருந்தன. டாக்கர் மென்பொருளின் இயல்பான பாதுகாப்பு வரையறை, சாவி சேவையின் மூன்று அழைப்புகளையும் இக்காரணத்தால் தடுத்தது. பொதுச் சேவையாகப் பிறந்த ஒன்று, ஒரு சூழலில் முழுவதும் மூடப்பட்டது. 2017இல் சிஸ்டம்டி, தான் தொடங்கும் சேவைகளின் அமர்வுக் கொத்தைத் தனித்து வைப்பதா பகிர்வதா என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பைச் சேர்த்தது. 2019இல் 5.3ஆம் பதிப்பில் கருனியும் கொத்துப் பெயர்களையும் வலையமைப்புச் சாவிகளையும் பெயர்வெளிக்கேற்பப் பிரித்தறியும் வசதியைப் பெற்றது.

அதே 5.3ஆம் பதிப்புக்கான இணைப்புக் காலத்தில், நான்கு பிரிவு அனுமதிகளுக்குப் பதிலாக விரிவான அணுகல் பட்டியலைக் கொண்டுவரும் ஹோவெல்ஸின் மாற்றமும் ஏற்கப்பட்டது. ஆனால் மறையாக்கிய வட்டிலிருந்து கணினி தொடங்குவது தடைப்பட்டது. கோப்பு மறையாக்கச் சோதனைகளும் கருனியின் உள்ளமைந்த சான்றிதழ்களை ஏற்றுவதும் பழுதுற்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் அம்மாற்றத்தை 2019 ஜூலையில் திரும்பப் பெற்றார். 2005இல் எழுந்த அனுமதி அமைப்பின் மீது அதற்குள் எத்தனை பகுதிகள் சார்ந்திருந்தன என்பதை இந்நிகழ்வு காட்டியது. அனுமதி விதி என்பது ஓர் உட்பகுதியின் தனிச் செய்தியாக இல்லாமல், கணினி தொடங்குவதற்கான முன்நிபந்தனையாகவே மாறியிருந்தது. 2020இல் 5.8ஆம் பதிப்பில் சாவிகளின் மாற்றங்களைப் பயனர் நிரலுக்கு அறிவிக்கும் வசதி சேர்ந்தது. அனுமதிப் பிரிவுகள் பழையபடியே தொடர்ந்தன.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, சாவி பேணும் சேவை வெறும் சேமிப்பிடமாகத் தோன்றவில்லை. பயனர் எண் என்னும் ஒற்றை அடையாளம் வலையமைப்புக் காலத்துக்குப் போதாது என்பதன் ஒப்புதலாகவே அது தோன்றியது. 2005இல் சேர்ந்த 'கைவசம்' என்னும் பிரிவு இவ்வொப்புதலை விதியாக்கியது.

இரண்டாவதாக, 7.2, 7.3 ஆகிய பகுதிகளில் கண்ட சிக்கல்கள், கைவசம் சார்ந்த விதியை அதற்குப் பொருந்தாத இடத்தில் கையாண்டதாலோ, பலரும் சார்ந்துவிட்ட பின் அவ்விதியை மாற்ற முயன்றதாலோ எழுந்தவை. எண்ணிக்கைப் பிழை இவ்வகையைச் சாராது. அது கோட்பாட்டின் குறையன்று, செயலாக்கத்தின் குறை. ஆகவே கட்டுரையின் கருதுகோள் இவ்வரம்போடு ஏற்கத்தக்கது.

மூன்றாவதாக, ஆவணங்களின் வளர்ச்சி நிரலின் வளர்ச்சிக்குப் பின்தங்கியே நிகழ்ந்தது. நிரலாசிரியரே எழுதிய முதல் ஆவணம் துல்லியம் தந்தது. பிறர் விரித்தெழுதிய கையேடு வாசகர் நோக்கைத் தந்தது. பொருந்தாத இடத்தைச் சுட்டிய பிற்கால ஆவணம் அனுபவத்தைப் பதிந்தது. பாதுகாப்பு சார்ந்த அமைப்புகளுக்கு இம்மூன்றும் தேவை. ஒரு சாவி யார் கைக்கு எட்டும் என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் நிரலாளர், பூட்டு சரியாக இருந்தும் கதவைத் திறந்தே விட்டவராவார்.

தமிழில் இத்தகைய உள்ளமைப்பு ஆவணங்கள் உருவாக வேண்டுமெனில், சொற்களை மட்டும் பெயர்த்தால் போதாது. உரிமை, உடைமை, கைவசம், அதிகாரம் ஆகிய சொற்களுக்கிடையே தமிழ் ஏற்கெனவே பேணும் நுண்ணிய வேறுபாடுகளைக் கலைச்சொல்லாக்கத்தில் முறையாகப் பயன்படுத்துவது அதற்குரிய முதற்படியாக அமையும்.